வெளித் தரவை நம் தளத்துக்குள் கொண்டுவர நான்கு வழிகள்: எது எப்போது?

தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும் சமயம் நெருங்கினால் எனக்கு மெயில்கள் வரத் தொடங்கிவிடும். மொரிஷியஸில் கோவில் சங்கங்களுக்கும் தமிழ் வகுப்புகளுக்கும் இணையதளம் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எழுதுவார்கள். பக்கத்தில் புயல் எச்சரிக்கை காட்ட வேண்டும், ரெயூனியனிலிருந்து காணிக்கை அனுப்பும் உறவினருக்காக யூரோ விலை காட்ட வேண்டும், அபிஷேகத்தை நேரலையில் காட்ட வேண்டும். இவை எல்லாமே வேறு யாருடைய சர்வரிலோ இருக்கின்றன. நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தால் பிரவுசரின் கன்சோலில் ஒரு சிவப்பு வரி: "பிளாக்ட் பை கார்ஸ் பாலிசி." கார்ஸ் என்பது ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் தரவைப் படிக்க அந்தத் தளம் அனுமதி கொடுக்கும் முறை.

அதன்பிறகு ஆளுக்கொரு யோசனை. ஒருவர் "நேராகவே கூப்பிடு, அந்தப் பக்கம் அனுமதி வாங்கு" என்கிறார். இன்னொருவர் "நம் சர்வர் வழியாக எடு" என்கிறார். மூன்றாமவர் "அவர்களே ஒரு ஸ்கிரிப்ட் தருகிறார்கள், ஒட்டிவிட்டுப் போ" என்கிறார். குவாத்ர் போர்னிலிருந்து ஒரு சங்கச் செயலாளர் அண்மையில் ஃபோன் செய்தார். நாங்கள் கிரியோலில்தான் பேசினோம். "இந்தப் பூட்டை எப்படிக் கழற்றுவது?" என்பதுதான் அவர் கேள்வி. நான்கு வழிகளையும் அவருக்கு அரைமணி நேரம் சொன்னேன். அதையே இங்கே இன்னும் நிதானமாக எழுதுகிறேன்.

## அந்தச் சிவப்பு வரி யாரைக் காக்கிறது

முதலில் இது புரிய வேண்டும். ஒரு பக்தர் தம் ஃபோனில் நம் தளத்தைத் திறந்திருக்கிறார். அதே பிரவுசரில் இன்னொரு டேபில் அவருடைய வங்கிக் கணக்கு திறந்திருக்கிறது. இரண்டு தளங்களின் குக்கிகளும் (வந்திருப்பவர் யார் என்று தளத்துக்குச் சொல்லும் சிறு குறிப்புகள்) அந்த ஒரு பிரவுசரிடம்தான் இருக்கின்றன. எந்தத் தடையும் இல்லாவிட்டால், நம் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் அவருடைய குக்கியோடு வங்கியைக் கூப்பிட்டு, வரும் பதிலை உட்கார்ந்து படித்துவிடலாம். இதைத் தடுக்கத்தான் 1995-இல், பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் வந்த காலத்திலேயே, நெட்ஸ்கேப் 'ஒரே மூலம்' என்ற விதியைக் கொண்டுவந்தது. ஸ்கீம் (முகவரியின் தொடக்கம்), ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), போர்ட் (சர்வரின் வாசல் எண்) மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே மூலம். எச்டிடிபியில் இருக்கும் பக்கமும் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்கும் அதே பக்கமும்கூட இந்தக் கணக்கில் வேறு வேறு.

பூட்டு பக்தருடையது. நம்மைத் தொந்தரவு செய்ய யாரும் போட்டதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விதி தடுப்பது பதிலைப் படிப்பதைத்தான். கோரிக்கையை அனுப்புவதை எப்போதும் தடுப்பதில்லை. சாதாரணப் படிவம் போன்ற கோரிக்கை போய்ச் சேர்ந்துவிடும், பதில் மட்டும் ஸ்கிரிப்ட்டின் கைக்கு வராது. ஜேசன் என்ற தரவு வடிவில் உள்ளடக்கம், தனி ஹெடர் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி), புட், டிலீட் போன்ற கட்டளைகள் இருந்தால் மட்டும் பிரவுசர் முன்னதாக 'ஆப்ஷன்ஸ்' என்ற முன்கேள்வி ஒன்றை அனுப்பி, "இப்படி ஒன்று வரப்போகிறது, சம்மதமா?" என்று கேட்கும். ஆகையால் கார்ஸ் இருக்கிறது, நம் சர்வருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று யாரும் தூங்கப் போக வேண்டாம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பக்கத்துக்குள் அசைபடம் காட்டிய ஃபிளாஷ் நீட்சியின் காலத்தில் தளத்தின் முதன்மைக் கோப்புறையில் 'கிராஸ்டொமைன்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை வைப்போம், எந்தத் தளத்து ஃபிளாஷ் நம்மிடம் வந்து படிக்கலாம் என்று அதில் எழுதுவோம். அதன் போட்டியாளரான சில்வர்லைட்டுக்கும் அப்படி ஒரு கோப்பு இருந்தது. அவசரத்தில் நிறைய பேர் அதில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது, சில்வர்லைட்டின் ஆதரவு 2021 அக்டோபரில் நின்றது. நட்சத்திரம் போடும் கை மட்டும் மாறவில்லை. இப்போது அதைக் கார்ஸ் ஹெடரில் போடுகிறது.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்குமுன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆறு கேள்விகள் கேட்பேன்.

சாவி யாரிடம்? வெளிச் சேவைக்கு ஏபிஐ சாவி (நம் நிரல் அந்தச் சேவையைக் கூப்பிடும்போது காட்டும் அடையாளக் குறியீடு) இருந்தால் அது யார் கண்ணில் படுகிறது.

வருபவரைப் பற்றி என்ன கசிகிறது? நம் பக்கத்தைத் திறந்தவரின் ஐபி முகவரி யார் யாருக்குப் போகிறது.

அந்தப் பக்கம் கெட்டால் நம் பக்கம் எவ்வளவு கெடும்? அவர்கள் சர்வர் திருடர் கையில் போனால் நம் தளத்தில் என்ன நடக்கும்.

அந்தப் பக்கம் நின்றால் நாம் என்ன காட்டுவோம்? புயல் நாளில் இந்தக் கேள்விதான் முதலாவது.

எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா? நம் தீவிலிருந்து ஐரோப்பிய சர்வர்கள் தூரம். போர்ட் லூயிக்கும் பாரிசுக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 9,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஒருமுறை போய்வர 94 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, உண்மையில் இன்னும் கூடும்.

இன்றைய பிள்ளை போன பிறகு யார் பார்ப்பார்? சங்கத் தளங்களில் நான் மிக அதிகமாகக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எழுதிக் கொடுத்த இளைஞர் படிக்க வெளிநாடு போய்விடுவார். ஐந்து வருடம் யாரும் தொடாமல் இருந்தாலும் ஆபத்தாக மாறாத வழி வேண்டும்.

## வழி 1: பிரவுசரிலிருந்து நேரடியாக (கார்ஸ்)

நம் பக்கத்தின் ஸ்கிரிப்ட் வெளிச் சேவையை நேராகக் கூப்பிடுகிறது. அந்தச் சேவை தன் பதிலில் 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்' என்ற ஹெடரில் நம் மூலத்தின் பெயரைச் சொன்னால் பிரவுசர் பதிலைக் கொடுக்கும். கார்ஸ் 2014-இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது. இன்று எல்லா பிரவுசருக்கும் தெரியும்.

நல்ல பக்கம் சொல்ல வேண்டுமென்றால், நம் சர்வரில் எந்த வேலையும் இல்லை. தளம் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக இருந்தாலும் நடக்கும்.

செலவு மறைவில் இருக்கிறது. அனுமதி கொடுப்பது அந்தப் பக்கத்துக்காரர். அவர் கொடுக்காவிட்டால் நாம் எழுதும் எந்த வரியும் உதவாது. இணையத்தில் 'மோட்: நோ-கார்ஸ்' என்று போடச் சொல்லும் அறிவுரை நிறையச் சுற்றுகிறது. போட்டால் சிவப்பு வரி மறையும், பதிலையும் படிக்க முடியாது. கார்ஸை அணைக்கும் பிரவுசர் நீட்சி போடச் சொல்வார்கள். அது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் வேலை செய்யும், பக்தரின் ஃபோனில் இல்லை. இலவசப் பொது ப்ராக்ஸி (நமக்காகக் கேட்டு வாங்கித் தரும் இடைச் சர்வர்) வழியாகப் போகச் சொல்வார்கள். அதை யார் நடத்துகிறார், நடுவில் என்ன மாற்றுகிறார் என்று நமக்குத் தெரியாது. இந்த மூன்றையும் சங்கத் தளத்தில் யாரும் செய்யக் கூடாது.

அடுத்தது சாவி. பிரவுசருக்குப் போகும் சாவி ரகசியம் இல்லை. பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் தெரியும். "எங்கள் டொமைனிலிருந்து வந்தால் மட்டும்" என்று சேவையில் கட்டுப்பாடு போடலாம். அது மற்ற தளங்களின் பக்கங்களிலிருந்து வரும் திருட்டைக் குறைக்கும். டெர்மினலில் கூப்பிடுபவர் எந்த ரெஃபரரையும் (கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஹெடர்) பொய்யாக எழுதிக்கொள்வார். பணம் கட்டிப் பயன்படுத்தும் சாவியை இந்த வழியில் வைத்தால், யாரோ பயன்படுத்தியதற்குச் சங்கம் பில் கட்டும்.

நேரம். புதிய மூலத்தோடு இணைப்பு ஏற்படுத்த டிசிபி இணைப்புக்கு ஒரு போய்வருதல், டிஎல்எஸ் 1.3 மறையாக்கத்துக்கு ஒன்று, முன்கேள்விக்கு ஒன்று, கடைசியில் உண்மையான கோரிக்கைக்கு ஒன்று. பாரிஸ் தூரத்தில் இருக்கும் சர்வருக்கு நான்கும் சேர்ந்து, ஒளியின் வேகக் கணக்கிலேயே 376 மில்லிநொடி. முன்கேள்வியின் பதிலை 'மேக்ஸ்-ஏஜ்' ஹெடர் வழியாக நினைவில் வைக்கச் சொல்லலாம், ஆனால் குரோம் அதிகபட்சம் 7,200 நொடிதான் வைத்துக்கொள்ளும்.

அனுமதி கொடுக்கும் பக்கத்தில் நாமே இருந்தால், அதாவது தளமும் நம்முடையது, ஏபிஐயும் நம்முடையது என்றால், இது நல்ல வழி. அப்போது மூன்று தவறுகளைத் தவிர்க்க வேண்டும். வந்த ஆரிஜினை அப்படியே திருப்பி எழுதி, கூடவே குக்கிக்கும் அனுமதி கொடுப்பது மிகக் கெட்டது. நட்சத்திரத்தோடு குக்கியைப் பிரவுசர் ஏற்காது என்பதால் ஆட்கள் இந்தக் குறுக்கு வழிக்குப் போகிறார்கள், அது நட்சத்திரத்தைவிட மோசம். 'நல்' என்ற ஆரிஜினை அனுமதிப்பது இரண்டாவது. சாண்ட்பாக்ஸ் (உரிமைக் கட்டுப்பாடு) போட்ட எந்த ஐஃப்ரேமும் (பக்கத்துக்குள் வைக்கும் இன்னொரு பக்கம்) அந்தப் பெயரில் வர முடியும். மூன்றாவது, 'நம் டொமைன் பெயரில் முடிகிறதா' என்று மட்டும் பார்ப்பது. நம் பெயருக்கு முன்னால் நான்கு எழுத்துச் சேர்த்து யாரும் ஒரு டொமைன் வாங்கிவிடலாம். முழுப் பெயரையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பதிலில் 'வேரி: ஆரிஜின்' போட மறக்காதீர்கள், இல்லையென்றால் நடுவில் உள்ள கேஷ் (பதில்களைச் சேமித்து வைக்கும் இடம்) ஒருவருக்கான அனுமதியை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்.

## வழி 2: நம் சர்வர் நடுவில் நின்று கேட்பது (ப்ராக்ஸி)

பிரவுசர் நம் சர்வரைக் கேட்கும், நம் சர்வர் வெளிச் சேவையைக் கேட்டுப் பதிலைக் கொடுக்கும். பிரவுசருக்கு எல்லாம் ஒரே மூலம் என்பதால் சிவப்பு வரி வராது. சாவி சர்வருக்குள் இருக்கும். பக்தரின் ஐபி வெளியே போகாது.

பெரும்பாலோர் இதைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். நானும் பிடித்தேன். அதனால் என்ன ஆனது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு கோவில் தளத்துக்குப் பதினைந்து வரியில் ஒரு பிஎச்பி கோப்பு (சர்வரில் ஓடும் நிரல்) எழுதினேன். கேள்விக்குறிக்குப் பின் 'யூஆர்எல்' என்று எந்த முகவரி கொடுத்தாலும் போய் எடுத்து வந்து கொடுக்கும். அன்றைக்கு வானிலைக்கு ஒன்று, யூரோ விலைக்கு ஒன்று என்று இரண்டு இடங்களுக்கு அது தேவைப்பட்டது. இரண்டு கோப்பு எழுதச் சோம்பல். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. 2024 ஜனவரி 15-ஆம் தேதி பெலால் புயல் போர்ட் லூயியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. காவடி அந்த வருடம் ஜனவரி 25. விரதத்தின் நடுவில் ஒரு காலை, தளம் திறக்கவில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கை முடக்கிவிட்டது: எங்கள் சர்வரிலிருந்து உலகமெங்கும் கோரிக்கைகள் பறக்கின்றனவாம். பாதை மாறுமா, ஆற்றங்கரையில் பூஜை நடக்குமா என்று கேட்பதற்காக மக்கள் தளத்தைத் தேடிய வாரம் அது. தலைவர், செயலாளர் எல்லோருடைய ஃபோனும் நிற்காமல் அடித்தது.

லாக் கோப்பை இறக்கிப் பார்த்தேன். யாரோ என் கோப்பைக் கண்டுபிடித்து, தங்கள் முகவரியை மறைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்ற அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். என்னை உலுக்கியது அதுவல்ல. இடையிடையே வேறு மாதிரி வரிகள்: 127.0.0.1 என்ற முகவரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்ட்டுகள், பிறகு 169.254.169.254. முதலாவது சர்வர் தன்னையே கேட்டுக்கொள்வது. இரண்டாவது, கிளவுட் சர்வர்கள் தங்களுடைய அடையாளச் சீட்டை வாங்கிக்கொள்ளும் உள்முகவரி. வெளியிலிருந்து யாரும் தொட முடியாத அந்தக் கதவுகளை என் கோப்பைச் சாவியாக்கித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். எங்களுடையது மலிவான பகிர்வு ஹோஸ்டிங், அந்த முகவரியில் அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

இதற்கு எஸ்எஸ்ஆர்எஃப் என்று பெயர்: சர்வரை ஏமாற்றி அதன் கையால் கோரிக்கை அனுப்ப வைப்பது. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்த திருட்டில் இதே வகை ஓட்டை வழியாகத்தான் கிளவுட்டின் அடையாளச் சீட்டு வெளியே போனது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் சிக்கின. 2020-இல் அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது. இணையதளங்களின் பத்துப் பெரிய ஆபத்துகளைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் எஸ்எஸ்ஆர்எஃப் பத்தாவது இடத்தில் தனியாக ஏறியது.

ஆகையால் ப்ராக்ஸி எழுதுவதென்றால் இப்படி எழுதுங்கள். வெளியிலிருந்து முகவரி வாங்காதீர்கள், பெயர் மட்டும் வாங்குங்கள். 'யூரோ' என்று வந்தால் இந்த முகவரி, 'மழை' என்று வந்தால் அந்த முகவரி என்று சர்வருக்குள்ளே எழுதி வையுங்கள். பட்டியலில் இல்லாத பெயருக்கு 404, அதாவது 'இல்லை' என்ற பதில். அந்தப் பக்கம் வேறிடத்துக்குத் திருப்பிவிட்டால் பின்தொடராதீர்கள், நல்ல முகவரியிலிருந்து கெட்ட முகவரிக்கு அப்படித்தான் இழுப்பார்கள். ஐந்து நொடிக்குமேல் காத்திருக்க வேண்டாம். பதிலின் அளவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். வருபவரின் குக்கியை வெளியே அனுப்பாதீர்கள்.

இன்னொரு ஆபத்தை மூத்தவர்களே மறந்துவிடுகிறார்கள். ப்ராக்ஸி வழியாக வரும் அந்நிய உள்ளடக்கம் நம் வீட்டு முத்திரையோடு வெளியே போகிறது. அந்தச் சேவை ஒருநாள் ஜேசனுக்குப் பதில் ஸ்கிரிப்ட் கலந்த எச்டிஎம்எல் அனுப்பினால், பிரவுசர் அதை நம் மூலத்தின் பக்கமாகவே ஓட்டும். பதிலை அப்படியே கடத்தாமல், சர்வரில் பிரித்து, வேண்டிய இரண்டு எண்ணை எடுத்துப் புதிதாக ஜேசன் எழுதி, 'நோஸ்னிஃப்' ஹெடரோடு (பதிலின் வகையை ஊகிக்காதே என்று பிரவுசருக்குச் சொல்வது) கொடுங்கள்.

பராமரிப்புதான் இதன் பெரிய செலவு. ப்ராக்ஸி என்பது இரவும் பகலும் திறந்திருக்கும் கதவு, அதற்குக் காவல் வேண்டும். லாக் பார்க்கவும் பிஎச்பியைப் புதுப்பிக்கவும் ஆள் இருக்கும் சங்கத்துக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

## வழி 3: நேரம் வைத்து எடுத்து, கோப்பாக வைப்பது

சர்வரில் கிரான் வேலை ஒன்று தேவைக்கேற்ப சில நிமிடத்துக்கொருமுறையோ மணிக்கொருமுறையோ நாளுக்கொருமுறையோ ஓடி, வெளித் தரவை எடுத்து, ஒரு சிறு ஜேசன் கோப்பாக எழுதி வைக்கும். பக்கம் அந்தக் கோப்பை மட்டும் படிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். வருபவர் யாராலும் வெளிக் கோரிக்கையைத் தூண்ட முடியாது, ஆகவே என் பிஎச்பி கோப்பைப் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பிடிக்க இங்கே ஒன்றுமில்லை. சாவி உள்ளேயே இருக்கிறது. காவடியன்று ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறந்தாலும் வெளிச் சேவைக்குப் போவது அதே ஒரு கோரிக்கைதான், அளவு மீறல் பயமில்லை. அந்தப் பக்கம் விழுந்தால் நம்மிடம் கடைசிக் கோப்பு இருக்கிறது.

அந்தக் கடைசி வசதிதான் இதன் ஆபத்தும். புயல் எச்சரிக்கையை எடுத்துக்கொள்வோம். நம் வானிலை மையத்தின் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படியேறும். கிரான் நின்றுபோய், கோப்பில் இரண்டு என்றே உட்கார்ந்திருக்க, வெளியே மூன்று ஆகிவிட்டால்? கோர் த கார்ட் மலைக்கோவிலுக்கு ஏறலாமா என்று பார்ப்பவருக்கு நம் பக்கம் பொய் சொல்கிறது. எந்த ஹேக்கரும் இல்லாமல் நாமே செய்யும் கேடு இது. நான் செய்வது: கோப்பில் எடுத்த நேரத்தையும் எழுதுகிறேன். பக்கத்தில் எண்ணுக்குக் கீழே "காலை 9.40 நிலவரம்" என்று எழுத்தில் வரும். கோப்பு முப்பது நிமிடத்துக்குமேல் பழையதாக இருந்தால் எண்ணே காட்டப்படாது. வானிலை மையத்தின் பக்கத்துக்கு இணைப்பு மட்டும் நிற்கும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலில் தெரியாது என்று சொல்லத் தெரிந்த பக்கம்தான் வேண்டும்.

நொடிக்கு நொடி மாறும் தரவுக்கும், ஆளுக்கு ஆள் மாறும் தரவுக்கும் இந்த வழி ஒத்துவராது. மற்றபடி யூரோ விலை, பஞ்சாங்கம், விழா நாட்கள், புதிய வீடியோப் பட்டியல் எல்லாமே இதற்குள் அடங்கும்.

## வழி 4: வெளியார் ஸ்கிரிப்ட், அல்லது ஐஃப்ரேம்

இரண்டையும் 'விட்ஜெட்' என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம்.

வெளியார் ஸ்கிரிப்ட்டை ஒட்டினால் அது நம் மூலத்தின் முழு உரிமையோடு ஓடும். காவடி எடுப்போர் பதிவுப் படிவத்தில் ஒருவர் தட்டும் பெயர், ஃபோன் எண் எல்லாவற்றையும் அதனால் படிக்க முடியும். இன்று நல்லவர் கையில் இருக்கும் ஸ்கிரிப்ட் நாளை யார் கையில் இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய பிரவுசர்களுக்குப் புதிய வசதிகளைத் தரும் ஸ்கிரிப்ட்டை வழங்கிய பாலிஃபில் டாட் ஐஓ டொமைன் 2024 தொடக்கத்தில் கைமாறியது. அதே வருடம் ஜூனில் அதன் ஸ்கிரிப்ட்டுக்குள் கெட்ட நிரல் கலந்திருப்பது வெளிப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த ஒரு வரி ஒட்டப்பட்டிருந்தது. பலவற்றில் ஒட்டியவருக்கே நினைவில்லாத வரி.

மாறாத பதிப்பாக இருந்தால் 'இன்டெக்ரிட்டி' என்ற கைரேகையைச் சேர்க்கலாம். ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் ஓட்டாது. அதைவிட எளிது, அந்தக் கோப்பை இறக்கி நம் சர்வரிலேயே வைப்பது. தரவை ஸ்கிரிப்ட்டாகச் சுற்றி வாங்கும் பழைய ஜேசன்பி முறையும் இதே ஸ்கிரிப்ட் வகைதான். 2005-இல் வந்த தந்திரம் அது, இன்று அதைத் தொட எந்தக் காரணமும் இல்லை.

ஐஃப்ரேம் வேறு. உள்ளே இருப்பது தன் மூலத்திலேயே இருக்கிறது, நம் பக்கத்தைப் படிக்க அதனால் முடியாது. நேரலை வீடியோவுக்கும் கட்டணப் பக்கத்துக்கும் இதுதான் சரி. 'சாண்ட்பாக்ஸ்' போட்டு, தேவையான உரிமையை மட்டும் திறந்துவிடுங்கள். வீடியோவை உடனே ஏற்றாமல், ஒரு படத்தைக் காட்டி, தொட்டபின் ஏற்றினால் ஃபோன் டேட்டாவும் மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு தனியுரிமை. ஸ்கிரிப்டானாலும் ஐஃப்ரேமானாலும் நேரடிக் கோரிக்கையானாலும், பக்கம் திறந்த கணத்தில் வருபவரின் ஐபி அங்கே போகிறது, ரெஃபரராக நம் டொமைன் பெயரும் போகிறது. கோவில் தளத்துக்கு வருபவர் என்பதே ஒருவரின் மத நம்பிக்கையைச் சொல்லும் செய்தி. மொரிஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையைத் தனிக் கவனம் வேண்டிய தரவு வகையில் வைத்திருக்கிறது. பக்கத்து ரெயூனியன் பிரான்சின் பகுதி, அங்கே ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடப்பில் இருக்கிறது. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, கூகுள் எழுத்துருவை நேரடியாக ஏற்றி வருபவரின் ஐபியைக் கொடுத்ததற்காக ஒரு தளத்துக்காரரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. தமிழ் எழுத்துரு எல்லோருக்கும் தேவை. இறக்கி நம் சர்வரில் வையுங்கள், 'ரெஃபரர்-பாலிசி' ஹெடரில் 'நோ-ரெஃபரர்' போடுங்கள். ஏதாவது வீடியோச் சட்டகம் ரெஃபரர் இல்லாமல் திறக்க மறுத்தால் அந்த ஐஃப்ரேமுக்கு மட்டும் தளர்த்துங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | நேரடி (கார்ஸ்) | ப்ராக்ஸி | எடுத்து வைத்தல் | ஸ்கிரிப்ட் | ஐஃப்ரேம் |
|---|---|---|---|---|---|
| சாவி | எல்லோர் கண்ணிலும் | சர்வருக்குள் | சர்வருக்குள் | பெரும்பாலும் வெளியே | பெரும்பாலும் தேவையில்லை |
| வருபவரின் ஐபி | வெளியே போகும் | போகாது | போகாது | போகும் | போகும் |
| அந்தப் பக்கம் கெட்டால் | தவறான தரவு | தவறான தரவு, கவனமில்லையென்றால் ஸ்கிரிப்ட்டும் | தவறான தரவு | நம் பக்கம் முழுவதும் | அந்தக் கட்டம் மட்டும் |
| அந்தப் பக்கம் நின்றால் | காலி இடம் | காலி இடம் | பழைய தரவு | பக்கமே தாமதிக்கலாம் | காலிக் கட்டம் |
| நம் பராமரிப்பு | குறைவு | அதிகம் | கொஞ்சம் | இல்லாததுபோல் தோன்றும் | குறைவு |

## எதை எடுத்தாலும் சிஎஸ்பி

மேலே சொன்ன எல்லாமே "வெளியிலிருந்து எப்படி வாங்குவது" என்பதைப் பற்றியது. "நம் பக்கம் யாரிடமெல்லாம் பேசலாம்" என்று பிரவுசருக்கு நாமே சொல்லிவைப்பது சிஎஸ்பி ஹெடர். 'கனெக்ட்-சோர்ஸ்' என்பதில் எங்கே கோரிக்கை அனுப்பலாம், 'ஸ்கிரிப்ட்-சோர்ஸ்' என்பதில் எங்கிருந்து ஸ்கிரிப்ட் வரலாம், 'ஃபிரேம்-சோர்ஸ்' என்பதில் எதை ஐஃப்ரேமாக வைக்கலாம்.

இது ஏன் முக்கியம்? 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தின் ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றில் 22 வரி நிரலைத் திருடர்கள் சேர்த்தார்கள். பணம் கட்டுவோரின் கார்டு எண்கள், அந்த நிறுவனத்தின் பெயர் போலவே தோன்றிய வேறொரு டொமைனுக்குப் போயின. 4,00,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம். அங்கே ஸ்கிரிப்ட் வந்தது சொந்த சர்வரிலிருந்து, மூலத்தை மட்டும் பார்த்தால் காட்டிக்கொடுத்திருக்காது. ஆனால் கண்டிப்பான 'கனெக்ட்-சோர்ஸ்' ஒன்று இருந்திருந்தால் அந்தப் போலி டொமைனுக்குப் போகும் கோரிக்கையை பிரவுசர் நிறுத்தியிருக்கும்.

வழி 3-ஐ எடுத்தவர்களுக்கு இந்த ஹெடர் மிக எளிது. 'கனெக்ட்-சோர்ஸ்: செல்ஃப்', அவ்வளவுதான். வழி 1-இல் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பெயர் சேரும். வழி 4-இல் ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றைக் கூப்பிட, அது மூன்றாவதைக் கூப்பிட, பட்டியல் நீண்டு கடைசியில் யாரோ நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். ஹெடரின் நீளத்தைப் பார்த்தே எந்தத் தளம் கையை மீறிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

## ஆகவே, எந்தத் தேவைக்கு எது

செயலாளருக்குச் சொன்னது இது.

யூரோ விலை, பஞ்சாங்கம், விழாப் பட்டியல்: எடுத்து வைத்தல். நாளுக்கு இரண்டுமுறை போதும்.

புயல் எச்சரிக்கை: எடுத்து வைத்தல், நேரக் குறிப்போடு, பழசானால் மறையும் விதியோடு. அந்த விதியை எழுத ஆள் இல்லாவிட்டால் எண்ணைக் காட்டவே வேண்டாம், வானிலை மையத்துக்கு இணைப்பு மட்டும் கொடுங்கள்.

அபிஷேக நேரலை: தொட்டபின் ஏறும் ஐஃப்ரேம்.

காணிக்கை: வங்கியோ கட்டண நிறுவனமோ தரும் பக்கத்துக்கே அனுப்பிவிடுங்கள், அல்லது அவர்களுடைய ஐஃப்ரேம். கார்டு எண் தட்டும் படிவத்தை நாமே எழுத வேண்டாம். கட்டணப் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்று கார்டு நிறுவனங்களின் பிசிஐ விதிகள் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு சங்கம் ஏன் அந்தச் சுமையை ஏற்க வேண்டும்?

உறுப்பினர் பதிவு தனி சப்டொமைனில் இருந்து, முதன்மைத் தளம் அதைக் கேட்க வேண்டும் என்றால்: நேரடி கார்ஸ். இரண்டு முனையும் நம் கையில் இருப்பதால் முழுப் பெயரோடு அனுமதி எழுதலாம்.

தேடலுக்கேற்ப விடை மாறும் சேவை, உதாரணமாக வழி காட்டும் வரைபடத்தில் முகவரித் தேடல்: இங்கே மட்டும் ப்ராக்ஸி. பெயர்ப் பட்டியலோடும் வேகக் கட்டுப்பாட்டோடும்.

செயலாளர் கடைசியில் கேட்டார், "எங்கள் தளத்தில் இப்போது எது இருக்கிறது என்று எப்படித் தெரியும்?" ஃபோனில் பேசிக்கொண்டே இருவரும் அவர்கள் பக்கத்தைத் திறந்து, டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் டேபைப் பார்த்தோம். முகப்பு ஒன்றே பதினொரு வெளி டொமைன்களைக் கூப்பிட்டது. அவருக்குத் தெரிந்தவை மூன்று. முதல் வேலையாக சிஎஸ்பியை 'ரிப்போர்ட்-ஒன்லி' நிலையில் போடச் சொன்னேன். எதையும் தடுக்காது, மீறுவதை மட்டும் எழுதி அனுப்பும். இரண்டு வாரம் அதைப் படித்துவிட்டு, தெரியாத எட்டையும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். எஃப்டிபியில் (சர்வரின் கோப்புகளைத் திறக்கும் வழி) நுழைந்து பிஎச்பி கோப்புகளுக்குள் 'யூஆர்எல்' என்ற சொல்லைத் தேடவும் சொன்னேன். இரண்டு கோப்புகள் கிடைத்தன. ஒன்றில் என் கையெழுத்துப் போலவே பதினைந்து வரி இருந்தது. அன்றிரவே அதை அழித்தோம்.